நாலடித் தண்ணீரில் ஒரு போர்க்கப்பல்

உருத்திரபுரத்தில் பக்கத்து வயல் அறுத்து முடிந்திருந்தது. எங்களுடையதில் இன்னும் கை வைக்கவில்லை. பின்னேரம் வரம்பில் குந்தியிருந்து, கதிர்கள் காற்றுக்குச் சாய்வதையும் நிமிர்வதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வைக்கோல் ஏற்றிய உழவு மெசின் ஒன்று வாய்க்கால் ஓரமாக வந்தது. மெசின் தெரியவில்லை, சில்லும் தெரியவில்லை. மெசின் இழுத்த பெட்டியில் மலையாகக் குவித்த வைக்கோல் மட்டும், மஞ்சள் கதிர்களுக்கு மேலே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல ஆடியாடி மிதந்து போனது. உச்சியில் ஒருவர் கால் நீட்டிப் படுத்திருந்தார். அவருக்கும் பின்னால் வானம்.

எங்கள் கடலில் இப்படி ஒன்று இல்லையே என்று நினைத்தேன்.

எங்கள் கடல் வவுனியாவில் இருந்தது. ஒரு இன்ரநெற் கடையின் மூலைக் கணினிக்குள். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த மாதங்கள் அவை. சண்டை நின்று பாதை திறந்திருந்ததால் கணினி வகுப்புக்கென்று என்னை வவுனியாவில் சின்னம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். வகுப்பு மத்தியானத்தோடு முடிந்துவிடும். அதன் பிறகு கடை. கடைக்காரர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். முல்லைத்தீவில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, புத்தளத்தில் வளர்ந்து, இப்போது வவுனியா வரைக்கும் திரும்பி வந்திருந்தார். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நான் அவரை நானா என்பேன். அவருக்கு நான் தங்கச்சி.

ஆட்கள் வராத நேரங்களில் நானா கடற்கொள்ளைக்காரர். எந்தெந்த நாட்டிலோ இருக்கிறவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே கடலில் ஓடும் விளையாட்டு அது. பருந்து பார்க்கிற மாதிரி மேலிருந்து பார்க்கவேண்டும். கப்பல்கள் நெல்மணி அளவில் தெரியும். மூழ்கினால் மூழ்கினதுதான், திரும்பக் கிடைக்காது. நானாவின் ஒற்றைப் பாய்மரப் படகு ஒரு வருடத்துக்கு மேலாக மூழ்காமல் இருந்தது. அதற்குக் காரணம் வரைபடத்தின் ஓரத்தில் கிடந்த பெயரில்லாத ஒரு களப்பு, கரைக்குள் ஒதுங்கிக் கிடக்கும் கடல்நீர். தண்ணீர் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் உள்ளே வரமுடியாது. துரத்துகிறவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். நானா உள்ளே போய்ப் பாயை இறக்கிவிட்டுத் தேத்தண்ணி குடிப்பார். அந்தக் களப்புக்கு நாங்கள் நாயாறு என்று, முல்லைத்தீவுப் பக்கத்துக் களப்பின் பெயரையே வைத்திருந்தோம்.

விளையாட்டைச் செய்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான் போல. யாரும் கப்பல் வரைந்து அனுப்பலாம், நன்றாக இருந்தால் கடலில் விடுவோம் என்று எழுதி வைத்திருந்தார்கள். அதுவரை அங்கே இருந்ததில் பெரியது முப்பது பீரங்கிக் கப்பல். வெள்ளைக்காரர் திருகோணமலைக்குள் கொண்டுவந்து நிறுத்திய போர்க்கப்பல்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒற்றை வரியில் படித்திருந்தேன். அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இரண்டு தட்டும் எழுபத்துநான்கு பீரங்கியும் மூன்று பாய்மரமும் ஒளிந்திருந்ததை நானாவின் கணினிதான் காட்டியது.

அந்த வைக்கோலைப் பார்த்து, வீட்டில் நின்ற கிழமை ஏழு நாளும் வரைபுத் தாளில் அதைக் கீறினேன். திரும்பி வரும்போது ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்த சிப்பாய் தாளை எடுத்து விரித்தார்.

"இது என்ன?"

"கப்பல்."

"என்ன கப்பல்?"

"போர்க்..." என்று தொடங்கி விழுங்கிக்கொண்டேன். "பழைய காலத்துக் கப்பல். கொம்பியூட்டர் கேம்."

அவர் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து, பாய்களை விரலால் தடவிப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்ற ஒரு அம்மா, "பிள்ளை, நீ கப்பல் விட்டது காணும், பஸ் போகப்போகுது," என்றார். சிப்பாய்க்கு எவ்வளவு விளங்கியதோ, சிரித்துக்கொண்டு தாளை மடித்துத் தந்தார்.

நானா படத்தை ஸ்கான் செய்தார். அனுப்பும் படிவத்தில் நீளம், அகலம், பீரங்கி என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தோம். கடைசிக் கட்டம், கப்பலின் அடிப்பாகம் தண்ணீருக்குள் எத்தனை அடி இறங்கும் என்று கேட்டது.

நான் குளத்துத் தண்ணீரில் வளர்ந்தவள். கடல் என்று பார்த்தது பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நாயாற்றை மட்டும். அங்கே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று வள்ளத்தைத் தள்ளினார்கள். சாறம் நனையாமல் தலையில் சுற்றியிருந்தார்கள். என் கண்ணுக்குள் இருந்த கடல் அவ்வளவுதான்.

"வள்ளத்துக்கு ரெண்டடி எண்டால், இதுக்கு?"

"இது பெரிசெல்லோ," என்றார் நானா. "நாலு போடுங்கோ. தாராளம்." அவருடைய கடலும் வாப்பாவின் தோளில் இருந்து பார்த்த அதே களப்புத்தான்.

நாலு போட்டேன்.

அதன் பிறகு வந்த நாட்கள் பாதி நித்திரை மாதிரித்தான் போயின. வகுப்பில் மின்விசிறி சுற்றும், எனக்குப் பாய் விரியும். சின்னம்மா வீட்டுக் கொடியில் காயும் விரிப்புகள் காற்று வாங்கிப் புடைக்கும்போது, முற்றம் முழுக்க மெல்ல நகரத் தொடங்கும்.

"கொம்பியூட்டர் படிக்க விட்டால் கப்பல் கீறுறாய். கொம்மாவுக்கு நான் என்ன சொல்ல?" என்றா சின்னம்மா.

"கப்பல் கீறுறன் எண்டு சொல்லுங்கோ."

"கதையைப் பார்."

ஒரு செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. உங்கள் கப்பலை மாத முடிவு வரை வெள்ளோட்டம் விடுகிறோம், ஆட்களுக்குப் பிடித்தால் இருக்கும், இல்லாவிட்டால் எடுத்துவிடுவோம். நானா இரண்டு சோடா உடைத்தார். மெதுவான தொலைபேசி இணைப்பில் முதலில் அதன் பெரிய படம் வரி வரியாகத் திரையில் இறங்கியது. பாய்மர நுனி, பிறகு வெள்ளையாகப் பாய்கள், பிறகு தட்டுகள். அதற்குப் பிறகு கடலில், நெல்மணி அளவில், அந்த வைக்கோல் மலை போலவே ஆடி ஆடி வந்தது. நான் செய்த ஒன்று, முகம் தெரியாத யாரோ ஓட்ட, கடலில் போகிறது.

அதே கிழமை, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்து நானா விளையாட உட்கார்ந்தார். யாரோ துரத்த, வழக்கம்போல நாயாற்றுக்குள் ஓடிப்போய்ப் பாயை இறக்கினார். தேத்தண்ணியைக் கையில் எடுத்தார். துரத்தியது என் கப்பல். அது வாசலில் நிற்கவில்லை. மணல் திட்டின் மேலாலேயே, எழுபத்துநான்கு பீரங்கியோடும், குளத்தில் தாரா நீந்தி வருகிற மாதிரி உள்ளே வந்தது.

"தங்கச்சி, உங்கட கப்பலுக்குக் காலும் இருக்கோ?"

நான் வாய் திறக்கும் முன்பே நானாவின் படகு இல்லை. களப்பில் ஒதுங்கியிருந்த மற்றச் சின்னப் படகுகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. நானா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒதுங்க இருந்த ஒரே இடம்," என்றார். பிறகு, எனக்காகத்தான் இருக்கவேண்டும், சிரித்தார். "கீறினது வடிவாத்தான் கீறியிருக்கிறியள்."

அன்று பின்னேரமே பழைய கப்பல்களின் அளவுகளைத் தேடினேன். இருபது அடிக்குக் கிட்டவாம். மூன்று ஆள் உயரத்துக்கும் மேல் தண்ணீருக்குள். அவ்வளவு ஆழமான தண்ணீரை மனதில் கொண்டுவரக்கூட எனக்கு நேரம் பிடித்தது.

விளையாட்டுக்காரர்கள் எழுதும் பக்கத்தில் சண்டை பிடித்துக்கொண்டது. எங்கும் போகும் கப்பல், அப்படியே இருக்கட்டும் என்று பாதிப் பேர். சின்னப் படகுக்காரர் எங்கே போவது என்று மற்றவர்கள். விளையாட்டைச் செய்தவர்கள் என்னிடம் கேட்டிருந்தார்கள்: நாலடி சரியா?

நாலடியை அப்படியே விட்டால் என் கப்பல் நிச்சயமாக இருக்கும், நாயாறு இருக்காது. இருபது அடி போட்டால் முப்பது பீரங்கிக் கப்பலுக்கு அளவாகச் செய்த அந்தக் கடலின் எந்தத் துறைமுகத்துக்குள்ளும் அது நுழைய முடியாது. கட்டப் போக இடமில்லாத கப்பலை எவன் எடுப்பான்? மாத முடிவில் தூக்கிவிடுவார்கள்.

"விடுங்கோ தங்கச்சி, எனக்கு வேற படகு எடுக்கலாம்," என்றார் நானா.

"எடுத்து எங்க கொண்டுபோய் விடப்போறியள்?"

நான் கட்டத்தில் நாலை அழித்து இருபது போட்டு அனுப்பினேன். அனுப்பிய கையோடு, ஒரு கேள்வியும் எழுதினேன்: கப்பல் வரைந்து அனுப்பலாம் என்றால், துறைமுகமும் வரைந்து அனுப்பலாமா? அடுத்த நாள் ஒரே வார்த்தையில் பதில் இருந்தது. அனுப்புங்கள்.

அப்படியானால் ஆழமான துறைமுகம் ஒன்று வேண்டும். நாயாற்றில் இருந்து நல்ல தூரத்தில், மலைகளுக்கு நடுவே, என் கப்பல் நிம்மதியாக நிற்கக்கூடிய கறுத்த தண்ணீர். இந்த முறை பார்க்காததைக் கீறுவதில்லை. சனிக்கிழமை காலையில் வவுனியாவில் இருந்து திருகோணமலைக்கு பஸ் இருக்கிறது. நானாவின் உம்மாவும் அங்கே சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறாராம், கூட வரலாம் என்றார். வரைபுத் தாள் வாங்கியாயிற்று. இனிச் சின்னம்மாவிடம் கேட்கவேண்டும். கப்பல் என்றால் விடமாட்டா. திருகோணமலைக் கோணேசர் கோயில் என்று தொடங்கிப் பார்க்கலாம்.