ஆடிய பாலம்

விசைப்படகில் மாதத்துக்கு இருபது நாள் கடலில் கிடப்பவன் நான். ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில்தான் முதல்முறையாக மனைவியோடு எங்கள் ராயபுரத்தைத் தாண்டி மலைக்காட்டுக்குப் போனேன். ஏறிக் களைத்த இடத்தில், மர உச்சிகளுக்கு நடுவே கயிற்றுப் பாலம். படகில் நடக்கிற பழக்கத்தில் காலை அகட்டி, இப்படியும் அப்படியும் சாய்ந்தே மறுமுனைக்குப் போய்விட்டேன். அதில் பாலம் தூளிபோல் ஆடியது. பின்னால் வந்த மனைவி நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாமே பயம்? எழுந்து வா!" என்று சிரித்தேன்.

முன்பின் தெரியாத ஓர் அம்மா அவள் கையைப் பிடித்து மெல்ல நடத்திக் கூட்டிவந்தார். நான் கை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை.

"ரெண்டு பிரசவத்துக்கும் பக்கத்து வூட்டு அக்கா கையத்தான்யா புடிச்சிகினு இருந்தேன். நீ கடல்ல இருந்தே."

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவளும் அந்த அம்மாவும் பேசிக்கொண்டே முன்னால் இறங்கினார்கள். பின்னால் தனியாக நடந்த எனக்கு, நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.