ஐம்பத்தேழாம் நம்பர் சட்டை

ஆர்வில் டெஷ்னர் பெயரை எங்கள் நெப்ராஸ்கா ஊரில் எல்லோருக்கும் தெரியும். முகம்தான் பாதிப் பேருக்குத் தெரியாது. கையில் பந்தோடு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி அணி வரிசைக்கு நாலு வருஷம் நடுவில் குனிந்து நின்றவன் அவன். பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்துவிட்டு, எதிரே பாய்கிறவனை மார்பால் தாங்க வேண்டும். பந்தோடு ஓடியவனுக்குப் பேர். இவனுக்கு உடைந்த மூக்கும் ஐம்பத்தேழாம் நம்பர் சட்டையும்.

அப்புறம் தானியக் கிடங்கில் வேலை. பிள்ளையில்லை. மனைவி மேவிஸும் போய்ச் சேர்ந்தாள். வீட்டுக்கு வருகிற ஒரே ஆள், அந்தந்த வருஷத்து ஐம்பத்தேழு. அணியில் ஒரு நம்பரைப் புதிதாகப் போடுகிற பையன், அதே நம்பரை முன்பு போட்ட மூத்தவர் வீட்டில் ஞாயிறுதோறும் சாப்பிட வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் அது. ஆர்வில் கோடை முழுக்க அந்தப் பையனுக்காகவே காத்திருப்பான்.

போன வருஷம் அவனைப் பழைய வீரர்களைக் கௌரவிக்கும் புகழரங்கத்தில் சேர்த்தார்கள். கல்லூரி சும்மா இருக்குமா? இனி ஐம்பத்தேழை யாரும் போடக் கூடாது என்று அறிவித்து, சட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்து அவன் கையில் கொடுத்தது. ஊரே எழுந்து கைதட்டியது. ஒருத்தருக்காவது மூளை வேலை செய்ததா?

மறுநாள் என் காபிக் கடையில் வந்து உட்கார்ந்தான்.

"லெனோர், இனிமே ஞாயித்துக்கிழமை யாரு வருவா?"

"போய்க் கேளுய்யா. நம்பரைத் திருப்பிக் குடுங்கன்னு சொல்லு."

போனான். விளையாட்டுத் துறைத் தலைவர் தோளைத் தட்டிச் சிரித்தாராம். "இதைவிடப் பெரிய மரியாதை எங்ககிட்ட இல்ல சார். வேணாங்கிறீங்களே, எவ்வளவு அடக்கம் உங்களுக்கு!"

அந்த அடக்கத்தைப் பேப்பரிலும் போட்டார்கள்.

இந்த வருஷம் ஆட்டம் தொடங்கிய முதல் ஞாயிறு, சுட்ட ஆப்பிள் பை பலகாரம் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். பன்றி இறைச்சி வறுபடும் வாசனை வந்தது. மேஜையில் இரண்டு தட்டுகள். சுவரில் கண்ணாடிச் சட்டம் காலியாக இருந்தது. ஆர்வில் அந்தச் சட்டையைப் போட்டிருந்தான். தொப்பைக்கு மேல் ஏறி நின்றது.

"என்னய்யா கோலம் இது?"

"யாராச்சும் ஒரு ஐம்பத்தேழு சாப்பிட வரணும்ல" என்றான்.

இரண்டாவது தட்டின் முன்னால் உட்காரப் போனேன்.

"அது பையனோட இடம் லெனோர்" என்று சொல்லி, எனக்கு வேறு நாற்காலி இழுத்துப் போட்டான்.