ஓரகத்தி மகனின் மூச்சு

என் கணவரின் தம்பி மனைவியும் நானும் ஒரே மாதத்தில் பிள்ளை பெற்றோம். அவளுக்குச் சுகப்பிரசவம், பையன். பிரம்மதேசம் கிராமத்தில் தன் அம்மா வீட்டில், மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் அவனை ஆறு மாதம் வளர்த்து, மரக்காணத்தில் எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். எனக்குப் புதுச்சேரியில் ஆபரேஷன், பெண். மூன்றாவது வாரமே நெஞ்சுச் சளியோடு என் மகள் மறுபடி மருத்துவமனைக்குப் போனாள். ஒரு வயது முடிவதற்குள் எத்தனை முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம் என்று எனக்கே நினைவில்லை.

இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான். முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் அவர்கள். நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். ஓரகத்தி உப்பளத்துக்குப் போவாள். பையனைப் பாத்தியோரம் விட்டுவிட்டு உப்பு வாருவாள். அவன் சேற்றை அள்ளி வாயில் போட்டுக்கொள்வான். மூக்கு ஒழுகினால் புறங்கையால் துடைத்துக்கொண்டு ஓடுவான், அவ்வளவுதான். நான் பினாயில் போட்டுத் தரை துடைத்து, காய்ச்சிய தண்ணீர் கொடுத்து வளர்த்த என் மகளுக்கோ ஒவ்வொரு சளியும் நெஞ்சில் விசில் சத்தத்தோடு இழுப்பில்தான் போய் முடியும்.

ஒருமுறை அவனுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தது. நான் சுவரில் காதை வைத்துக் கேட்டேன். அவன் நெஞ்சிலும் அந்த விசில் சத்தம் வருகிறதா என்று. வரட்டும் என்றுதான் மனம் சொன்னது. மூன்றாம் நாள் அவன் எழுந்து தோசை கேட்டபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

மகளுக்கு நான்கு வயதானபோது புதுச்சேரி டாக்டரிடம் கேட்டேவிட்டேன். "ஒரே வீடு, ஒரே காத்து. என் ஓரகத்தி பையனுக்கு வரல. இவளுக்கு மட்டும் ஏன் டாக்டர்?"

அவர் பொறுமையாகச் சொன்னார். "காத்து ஒண்ணுதாம்மா. மூக்குலயும் தொண்டையிலயும் குடியிருக்கிற பாக்டீரியா ஒவ்வொரு குழந்தைக்கும் வேற. எதோட சண்டை போடணும், எதை விட்டுடணும்னு உடம்போட எதிர்ப்பு சக்தி பழகுறது முதல் வருஷத்துலதான். அதுக்கு அந்த பாக்டீரியாவும் ஒத்தாசை பண்ணுது. சில வகை இருந்தா மூச்சுக்குழாய் அமைதியா இருக்கும். வேற சில வகை பெருகிட்டா உள்ள லேசா வீங்கியே கிடக்கும். அப்புறம் தூசி பட்டாலும், ஜலதோஷம் வந்தாலும் இழுக்கும்."

"அப்போ மாட்டுக்கொட்டகைல வளர்ந்தா?"

"அந்த மாதிரி வளர்ற பசங்களுக்கு அலர்ஜி கம்மின்னு பாத்திருக்காங்க. ஆனா பாக்டீரியா மாறினதால இழுப்பு வந்துதா, இழுப்பு இருக்கிறதால பாக்டீரியா மாறுச்சான்னு இன்னும் முழுசா தெரியல. சின்னதுல குடுத்த ஆன்டிபயாட்டிக் நல்ல பாக்டீரியாவையும் கொன்னிருக்கலாம், ஆனா அன்னைக்கு அது வேண்டியிருந்துச்சும்மா. அத நெனச்சு வருத்தப்படாதீங்க."

நான் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வயிறு எரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சொத்தை, தனக்கே தெரியாமல், அவள் தன் மகனுக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த மே மாதம் ஓரகத்தி அம்மா வீட்டுக்குக் கிளம்பியபோது நானும் மகளோடு போனேன். கொட்டகைக்குள் மகளை இறக்கி விட்டேன்.

"அக்கா, வைக்கோல் தூசி பாப்பாவுக்கு ஆவாதுக்கா," என்றாள் ஓரகத்தி.

"உன் புள்ள இங்கதானே வளர்ந்தான்? எம் புள்ளைக்கு மட்டும் ஆவாதா?"

அரை மணி நேரத்தில் மகளின் கழுத்துக்குழி உள்ளே இழுக்கத் தொடங்கியது. பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தேன். அவசரத்தில் அதை ஸ்பேசர் குழாயில் தலைகீழாகப் பொருத்தப் பார்த்தேன். ஓரகத்தி என் கையிலிருந்து வாங்கினாள். குலுக்கினாள், பொருத்தினாள், பாப்பாவை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்தாள். "மெதுவா இழுடா கண்ணு. விடு. இன்னொரு வாட்டி." நான் செய்வதை இத்தனை வருடம் சமையலறை வாசலில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

பிறகு அவள் அண்ணன் ஆட்டோ பிடித்து வந்தார். மரக்காணம் மருத்துவமனையில் நெபுலைசர் வைத்தார்கள். "அம்மா யாருங்க?" என்று நர்ஸ் கேட்டார். நான் முன்னால் வந்தேன். மகள் சித்தியின் புடவையை விடவில்லை. அவள் உயிர் பிழைத்ததே பெரிது என்று நான் நினைத்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பிடிதான் சுட்டது.

மகள் தூங்கிய பிறகு, "நீ சொன்னத நான் கேட்டிருக்கணும்," என்றேன்.

"விடுங்கக்கா. காலைலேருந்து நீங்க ஒண்ணும் சாப்புடல," என்று இட்லி பொட்டலத்தைப் பிரித்தாள். சாப்பிட்டேன். சுவரில் காது வைத்ததைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

இப்போது மகளுக்கு ஒன்பது வயது. டாக்டர் சொன்னபடி தினமும் மருந்து தவறாமல் போகிறது. இழுப்பு அபூர்வமாகிவிட்டது. போன மாதம் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் நான்காவதாக வந்து, ஏதோ ஜெயித்துவிட்டவள் போலக் குதித்தாள். ஓரகத்தி விசிலடித்தாள். பையன்கள் ஓட்டத்தில் அவள் மகன் முதலாவது. நானும் கைதட்டினேன், ஆனால் என் கண் அவன் நெஞ்சின் மேலேயே இருந்தது. அவனுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.