சத்தம் போடாத சீட்

தி.நகரில் புடவை எடுக்கப் போனபோது, உங்களுக்காக நாற்பது புடவையைப் பிரித்துப் போட்ட அக்கா ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? சும்மா யோசித்துப் பாருங்கள். சின்ன வயதிலிருந்து அம்மாவோடு அந்தக் கடைகளில் ஏறி இறங்கியவள்தான் நானும். போன வருஷம் ஆடித் தள்ளுபடி தொடங்கும்வரை எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. இத்தனைக்கும் அந்த அக்காக்களுக்கு சீட் டிசைன் செய்ததே நான்தான்.

டிசைன் படித்துவிட்டு அடையாறில் ஏழு பேர் இருக்கும் குட்டிக் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தேன். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதனால் தி.நகரில் ஐந்து மாடி ஜவுளிக்கடை ஒன்று எங்களிடம் வந்தது. முதலில் மூன்றாம் மாடி காட்டன் புடவைப் பிரிவுக்குப் பத்து சீட், சரிப்பட்டால் மற்ற மாடிகளுக்கும். கவுன்டரின் உள்பக்கம் திருகி மாட்டுகிற மாதிரி ஒன்றைச் செய்தோம். இழுத்து உட்காரலாம், எழுந்தால் ஸ்பிரிங் தானாக மடக்கிவிடும். டப். சினிமா தியேட்டர் சீட் மாதிரி. ஆபீசில் எல்லோரும் ஜீன்ஸோடு மாறி மாறி உட்கார்ந்து எழுந்தோம். டப், டப், டப். ரீல் கூடப் போட்டோம். அந்த டப்தான் அதில் ஹைலைட்.

ஒரு வாரம் கழித்து ஃபீட்பேக் ஃபார்ம் வந்தது. பத்துக்குப் பத்து 'மிக நன்று'. எங்கள் பாஸ் அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார். நான் நேரிலேயே கடைக்குப் போனேன். பாராட்டு வாங்கத்தான், வேறெதற்கும் இல்லை. பிற்பகல் மூன்று மணி. பத்து சீட்டும் மடங்கிக் கிடந்தன. பத்து பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசி கவுன்டரில் ஒருத்தி ஒற்றைக் காலைத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்து, கொக்கு மாதிரி நின்றாள்.

என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவள். ஆற்றோரத்தில் இருந்த வீட்டை இடித்து, நகருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அரசாங்கம் அனுப்பிய குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறாள். கடைப் பழக்கத்தில் நான் அக்கா என்றே கூப்பிட்டேன்.

"ஏன்க்கா யாருமே உட்காரல? ஃபார்ம்ல நல்லா இருக்குன்னு டிக் போட்டிருக்கீங்களே?"

"ஃபார்ம குடுத்தது யாரு? சூப்பர்வைசரு. எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னுகினு இருந்தாரு. நீயா இருந்தா இன்னா டிக் போடுவ?"

பக்கத்துக் கவுன்டர் பெண் களுக்கென்று சிரித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அவர்களுக்குச் சாப்பாட்டு முறை வந்ததே மூன்றேகாலுக்கு. நானும் ஒட்டிக்கொண்டு போனேன். மொட்டை மாடியில் பெண்கள் சாப்பிட ஒரு அறை, சூப்பர்வைசர் அங்கே வர மாட்டார். நான்கு பேர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே என் சீட்டைக் கிழிகிழியென்று விமர்சித்தார்கள்.

"எழுந்தா டப்புன்னு மூடுதுல்ல, அந்தாண்ட கோடில கீற சூப்பர்வைசரு திரும்பிப் பாக்குறாரு" என்றாள் அக்கா. "யாரு குந்திகினு இருந்தான்னு உன் சீட்டே போட்டுக் குடுக்குது."

"குந்துனா தல கவுன்டருக்குக் கீழ பூடுது" என்றாள் இன்னொருத்தி. "கஸ்டமர் வந்து, ஆளே இல்லையான்னு கத்துறாங்க."

"மடிப்பு வேற ஸ்பிரிங்ல மாட்டிக்குது. யூனிஃபார்ம் புடவ கிழிஞ்சா நீயா வாங்கிக் குடுப்ப?"

ஆனால் அவர்கள் குறை சொன்னதோடு நிறுத்தவில்லை. பிளவுஸ் பிட்டைச் சுருட்டி மடங்கும் இடத்தில் செருகினால் சத்தம் வராது என்று ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். புடவை அட்டைப் பெட்டிகளை உயரமாக அடுக்கி அதன் மேல் சாய்ந்தும் பார்த்திருந்தார்கள். பாதி நிற்பது, பாதி உட்காருவது. கண் கஸ்டமர் கண்ணுக்கு நேராக இருக்கும், காலுக்கும் பாரம் குறையும். அங்கே கிடந்த ஒரு அட்டைப் பெட்டியின் பின்பக்கம் நான் மார்க்கரால் வரைய ஆரம்பித்தேன். அக்கா மார்க்கரைப் பிடுங்கி என் கோட்டின் மேலேயே கோடு போட்டுத் திருத்தினாள். நான்கு வருஷம் காலேஜில் 'யூசர், யூசர்' என்று எத்தனையோ ஸ்லைடு போட்டிருக்கிறேன். ஒரு யூசர் என் கையிலிருந்து மார்க்கரைப் பிடுங்கியது அதுதான் முதல் தடவை.

ஒரே வாரத்தில் புது சீட் தயார். உயரமானது, சத்தமில்லாதது, துணி மாட்டாதது. கடை மேனேஜரின் அறையில் மீட்டிங். அவர் நெல்லைப் பக்கம், கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. சீட்டில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. உசரமும் சரி. ஆனா அந்தப் பழைய சத்தம் இருக்கட்டும்மா. எவ உக்காருதா, எவ எந்திக்கான்னு நமக்குத் தெரியணும்லா."

"வெச்சுடலாம் சார், பெரிய வேலை இல்ல" என்று பாஸ் உடனே தலையாட்டினார்.

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. அக்கா கோடு போட்ட அந்த அட்டைப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தேன். "சத்தத்தாலதான் யாருமே உட்காரல. இது நான் சொல்லல, உங்க ஸ்டாஃப் வரைஞ்சது. காட்டன் செக்‌ஷன்ல கடைசி கவுன்டர் அக்காவைக் கூப்பிட்டுக் கேளுங்க."

செம கெத்தாகப் பேசிவிட்டதாக நினைப்பு எனக்கு. அண்ணாச்சி கோபப்படவே இல்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓ, அந்தப் பிள்ளையா" என்று மட்டும் சொன்னார்.

மூன்று நாள் கழித்துப் போனால் கடைசி கவுன்டரில் வேறு ஆள். அக்கா வாசலில் இருந்தாள், வருகிறவர்களிடம் பையை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் கவுன்டரில். அங்கே ஏசி கிடையாது. கதவு திறக்கும்போதெல்லாம் வெயிலும் ஹாரனும் முகத்தில் அடிக்கும். சீட்டும் கிடையாது, ஆர்டர் மூன்றாம் மாடிக்கு மட்டும்தானே.

"சாரிக்கா. உங்களுக்காகத்தான் பேசினேன்."

"பேசுனது உன் வாயி, மாட்டுனது என் தல." என் பையை வாங்கி உள்ளே வைத்தாள். "உனக்கு இன்னா, பேசிட்டு அடையாறு பூட்ட. நான் இங்கதான கீறேன். இந்தா, டோக்கன்."

பாண்டி பஜார் நடைபாதையில் போட்டிருக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று. எழுந்துவிட்டேன்.

ஆபீசில் பாஸ் வெள்ளிக்கிழமைக்குள் சத்தத்தோடு ஃபைனல் டிராயிங் கேட்டார். முடியாது என்றேன்.

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் பாஸ். ஆனா அந்தச் சத்தத்தை என் கையால வரைய மாட்டேன். யாரும் உட்காராத சீட்டை மத்த மாடிக்கு எப்படி விப்பீங்கன்னும் யோசிச்சுக்கோங்க."

அவர் யோசித்தார். வெள்ளிக்கிழமைவரை டைம் கொடுத்தார்.

இந்தத் தடவை ஃபார்மும் இல்லை, பேரும் இல்லை, நானும் இல்லை. சாப்பாட்டு அறையில் கை கழுவும் இடத்துக் கண்ணாடி முழுக்கப் பொட்டு ஒட்டியிருந்தது ஞாபகம் வந்தது. சத்தம் போடுகிற சீட் ஒன்று, போடாத சீட் ஒன்று, இரண்டையும் அங்கே வைத்தேன். 'எது வேணுமோ அதில் ஒரு பொட்டு ஒட்டுங்கள், பேர் எழுத வேண்டாம்' என்று ஒரு தாள் ஒட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் சாயந்திரம் பார்த்தால், சத்தம் போடுகிற சீட்டில் இரண்டே பொட்டு. மற்றதில் உட்காரும் இடமே தெரியவில்லை. சிவப்பு, கறுப்பு, மெரூன், கல் பொட்டு. இடம் போதாமல் அடியில் கம்பியிலும் ஒட்டியிருந்தார்கள். ஐந்து மாடிப் பெண்களும் ஒட்டியிருக்க வேண்டும். அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அண்ணாச்சி மேஜையில் வைத்தேன்.

"யாரு ஒட்டுனது?"

"தெரியாது அண்ணாச்சி."

"தெரியாதா, சொல்ல மாட்டியா?"

"ரெண்டும்."

ஒரு கல் பொட்டை நகத்தால் உரித்துப் பார்த்தார். "நம்ம ஃபேன்சி செக்‌ஷன் சரக்குல்லா இது" என்று முனகியபடி மறுபடி அதே இடத்தில் ஒட்டினார். "சரிம்மா. சத்தம் வேண்டாம். ஆனா சேலைய நின்னுதான் விரிக்கணும்."

அக்காவை மறுபடி மூன்றாம் மாடிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன். "யார எங்க நிறுத்தணும்கிறது என் வேல. உன் வேல சீட்டு" என்றார்.

சரி, சீட் என் வேலைதானே.

மூன்றாம் மாடியில் புது சீட் பத்தும் மாட்டி முடித்த பிறகு, ஒரு சனிக்கிழமை மத்தியானம், பதினோராவது சீட்டையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு அடையாறிலிருந்து ஆட்டோ பிடித்தேன். டோக்கன் கவுன்டரில் தள்ளுபடிக் கூட்டம் முட்டியது. இந்தத் தடவை முதலில் அவளிடம் கேட்டேன். "மாட்டட்டுமாக்கா? வேணாம்னா எடுத்துட்டுப் போயிடறேன்."

அவள் சீட்டைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். "மாட்டு. இதுக்கு மேல எங்க அனுப்புவாரு, ரோட்டுக்கா?"

வாட்ச்மேன் வந்து, "பர்மிஷன் கீதா?" என்றார். "ட்ரையல்ணா" என்றேன், தலை நிமிராமல். பாதி திருகியபோது அக்கா நிறுத்தினாள். "இந்த மேஜ தாழ்வா கீது. ரெண்டு இன்ச்சு எறக்கு." எல்லாவற்றையும் கழற்றி, இரண்டு இன்ச் இறக்கி மாட்டினேன். அந்தப் பக்கமாக வந்த அண்ணாச்சி நின்று பார்த்தார். அப்படியே உள்ளே போய்விட்டார்.

"ஆர்டர்ல பதினொன்னு இல்லையே" என்றார் பாஸ், திங்கட்கிழமை.

"இப்ப இருக்கு" என்றேன்.

இப்போதும் மீட்டிங்கில் யாராவது 'யூசர் சொன்னாங்க' என்று ஆரம்பித்தால், பேரைச் சொல்வதற்குள் குறுக்கே விழுந்து தடுத்துவிடுகிறேன். திமிர் பிடித்தவள் என்கிறார்கள். இருக்கட்டும். ஒருத்தியிடம் யோசனை கேட்டு வாங்கிவிட்டு அவளை மாட்டிவிட்டவள் என்று பேர் வாங்குவதைவிட, திமிர் பிடித்தவள் எனக்குப் பரவாயில்லை.

இதை அந்தக் கடை வாசலில் நின்றுதான் டைப் அடிக்கிறேன். என் பை அவளிடம், டோக்கன் என் கையில். பிற்பகல் மூன்று மணி. அவள் உட்கார்ந்திருக்கிறாள்.