நிழலில் போட்ட கதிரை

அது வெள்ளை நிறத்தில் ஒரு மரக்கதிரை. மடக்கி விரிக்கிற சாதி. கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த கோட்டையின் ஆட்கள் புல்தரையில் வரிசை வரிசையாகப் போட்டிருந்தவற்றில் கடைசி வரிசையிலிருந்து அதை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். தோளில் இரண்டு கேமராவும் தொங்க, ஒரு கையில் கதிரையோடு ஓக் மரத்தின் நிழலுக்கு நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. பார்த்தவர்கள் அதை ஓர் உதவி என்றுதான் நினைத்திருப்பார்கள். அதில் போய் உட்கார்ந்தவரும் அப்படித்தான் நினைத்தார்.

அவர் மணமகளின் தாய். கல்யாணத்துக்கு முன்பு ஒரே ஒரு தடவைதான் அவரைக் கண்டிருந்தேன். ஈஸ்ட் ஹாமிலிருந்து மோர்டனுக்கு ரயில் மாறி மாறி வந்து, என் வீட்டு சோபாவின் நுனியில் இருந்தார். கையில் ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ். பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை. கணவர் இறந்தபோது மகளுக்கு நாலு வயது. அதற்குமேல் அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. கோட்டையில் கல்யாணம் என்பது மகளின் ஆசையாம். தனக்கு அதெல்லாம் விளங்காது, ஆனால் பிள்ளையும் கோட்டையும் ஒரே படத்தில் ஒன்றாக விழவேண்டும் என்றார். ஐந்து நிமிடம் கழித்து அதையே இன்னொரு தடவை சொன்னார். நான் ரோல்ஸைத் தின்றுகொண்டே தலையாட்டினேன்.

ஜூலை மாதம். லண்டனிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டம். சுற்றிவர அகழி, அதில் அன்னங்கள், நடுவே பல நூறு வருடக் கற்கட்டடம். உள்ளே பழைய மரக்கூரை என்பதால் நெருப்பு மூட்டக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே மணவறை வெளியே, புல்தரையில். ஐயர் ஓமத்துக்கு நெய் விடும்போதெல்லாம், தீயணைக்கிற சிலிண்டரோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் இரண்டடி முன்னே வந்து வந்து போனார். ஐயருக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஐயரையும் பிடிக்கவில்லை. எனக்கு அந்த சிலிண்டர் படத்தில் விழாமல் இருந்தால் போதும்.

எங்கள் தொழிலில் கண் அப்படித்தான் பழகிவிடும். எது விழவேண்டும் என்பதைவிட எது விழக்கூடாது என்பதையே முதலில் பார்க்கும். சிவப்பு சிலிண்டர், தண்ணீர்ப் போத்தல், வாயைப் பிளந்தபடி நித்திரை கொள்ளும் மாமா. இதே பட்டியலில், நான் தொழில் தொடங்கிய காலத்திலிருந்து, இன்னொன்றும் இருந்தது: தாலி கட்டும் படத்தில் கணவனை இழந்த பெண்கள் நிற்கக்கூடாது. இதை எனக்கு ஒருவரும் எழுதித் தரவில்லை. ஒரு கல்யாண அல்பத்தில் அப்படி ஒரு படம் போய், அந்த வீட்டார் முகத்தைச் சுளித்து அந்தப் பக்கத்தையே மாற்றச் சொன்னார்கள். அது ஒரு தடவைதான் நடந்தது. அதற்குப் பிறகு நானாகவே பார்த்துக்கொண்டேன், எவரும் கேட்காமலே. என் கல்யாணப் படங்களிலும் என் அம்மா இல்லை. அதை நான் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

தாரை வார்த்துக் கொடுக்க மணமகளின் சித்தப்பாவும் சித்தியும் மணவறையில் இருந்தார்கள். தாய் மணவறையின் இடது தூணோடு ஒட்டி நின்றார். சாம்பல் நீலத்தில் பட்டுச்சேலை. பொட்டில்லாத நெற்றி முழுக்க வேர்வை. கேமராவை எங்கே திருப்பினாலும் அந்த நீலம் ஓரத்தில் வந்தது. முகூர்த்தத்துக்குக் கால்மணி நேரம் இருந்தது. கதிரையைக் கொண்டுபோய் மரத்தடியில் வைத்துவிட்டு அவரிடம் வந்தேன்.

“அன்ரி, வெயில் கூடவா இருக்கு. அதிலை போய் இருங்கோ. அங்கையிருந்து எல்லாம் வடிவாத் தெரியும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஏன் சொல்கிறேன் என்று விளங்கியதோ இல்லையோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “நீங்கள் நல்லா இருக்கோணும் தம்பி” என்றார். போய் இருந்தார்.

வடிவாகத் தெரியும் என்று சொன்னது பச்சைப் பொய். கெட்டிமேளம் கொட்டியதும் சபை முழுக்க எழும்பி நின்றது. ஆளாளுக்கு ஃபோனை உயர்த்திப் பிடித்தார்கள். மரத்தடியிலிருந்து பார்த்தால் முதுகுகள்தான் தெரிந்திருக்கும். எனக்கு அந்த நேரம் அது தோன்றவேயில்லை. மாப்பிள்ளையின் விரல்கள், தாலிக்கொடி, மணமகளின் குனிந்த கழுத்து, பின்னால் கோட்டை. ஓரத்தில் ஒரு பிசிறும் இல்லை. அந்த வருடம் நான் எடுத்தவற்றில் அதுதான் மிகச் சிறந்தது என்று பலருக்கும் காட்டினேன்.

பின்னேரம் குடும்பப் படங்கள் எடுத்தபோது தாயைக் கூப்பிட்டேன். பலகாரப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தவர், முதலில் மற்ற ஆட்களை எடுங்கள், தான் வருகிறேன் என்றார். மற்ற ஆட்கள் முடிகிறபாடில்லை. ஆறு மணிக்கு அந்த வெள்ளைக்காரப் பெண் வந்து, புல்தரையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார். நானும் கேமராவை மூடிவிட்டேன். அவ்வளவுதான்.

இந்த மாசி மாதம் அந்த அம்மா இறந்துபோனார். செத்தவீட்டு அறிவித்தலை ஃபோனில் பார்த்தேன். பாஸ்போர்ட் படம் ஒன்று போட்டிருந்தார்கள். ஐயோ பாவம் என்று ஒரு கணம் நினைத்தேன், பிறகு வேலையைப் பார்த்தேன். செத்தவீடு முடிந்து நாலாம் நாள் மகள் ஃபோன் எடுத்தாள். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்களாம். தாய் வடிவாக உடுத்து நின்றது தன் கல்யாணத்தன்று மட்டும்தான், சிரித்துக்கொண்டு இருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றாள். தேடித் தருகிறேன் என்றேன்.

மூவாயிரத்துச் சொச்சப் படங்கள். அல்பத்துக்குப் போனவை, போகாதவை, மங்கியவை, கண் மூடியவை எல்லாவற்றையும் பார்த்தேன். முதல் தடவை தேடும்போது தவறவிட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் தடவை அப்படி நினைக்க ஏலவில்லை. சாப்பாட்டு மேசைப் படம் ஒன்றில் ஒரு முதுகு இருந்தது. சேலையின் நிறத்தை வைத்துத்தான் அவர் என்று சொல்லலாம். மணவறையருகே ஒரு முழங்கை. அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. ஒரு கிழமை அவளுக்கு ஃபோன் எடுக்காமல் இருந்தேன்.

அவளே எடுத்தாள். இல்லை என்று சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. தாய் இறந்த அன்றே அல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டாளாம். “அல்பம் வந்த நேரம் நான் கவனிக்கேல்லை அண்ணா. அப்ப நான் என்னைத்தானே பாத்தனான்” என்றாள். பிறகு, நீங்கள் வெயிலில் நிற்கவிடாமல் கதிரை போட்டுக் கொடுத்ததை அம்மா வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லுவா என்றாள்.

“ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. மாமிதானே அம்மாவை எடுக்க வேண்டாம் எண்டு சொன்னவ?”

மாமி என்றது மாப்பிள்ளையின் தாயை. ஜெர்மனியிலிருந்து வந்து வெம்பிளியில் குடியேறிய மனுசி. கொஞ்சம் இறுக்கமான ஆள். அன்று என்னோடு அவர் பேசியது ஒரே ஒரு தடவை. சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இப்போது நான் ஒன்றும் சொல்லவே தேவையில்லை. சும்மா இருந்தாலே போதும், பழி அவர் தலையில் போய் இருந்துவிடும். வாசலில் யாரோ காரை நிறுத்தும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அடங்கும்வரைக்கும் சும்மாதான் இருந்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

“இல்லை தங்கச்சி. மாமி ஒண்டும் சொல்லேல்லை. ஒருத்தரும் சொல்லேல்லை. படத்திலை விழக்கூடாதெண்டு நான்தான் அன்ரியை அங்காலை இருத்தினனான்.”

ஏன் என்று கேட்டாள். பழக்கம் என்றேன். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இருக்கவில்லை.

கோபமே இல்லாத குரலில் அவள் சொன்னாள்:

“செத்தவீட்டிலை மாமியை நான் அம்மாவின்ரை பெட்டிக்குக் கிட்ட வர விடேல்லை, அண்ணா.”