முழங்காலில் ஒட்டிய சிவப்பு

சலவைக்கடை வைத்திருந்தாலும் அவளைத் தெருவில் யாரும் சலவைக்கடைக்காரி என்று கூப்பிட்டதில்லை. கயிற்றக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்குள் கால் வைத்தால் முதலில் கண்ணில் படுவது சட்டையோ போர்வையோ அல்ல, நிழலில் மலைப்பாம்பு மாதிரி வளைந்து வளைந்து தொங்கும் கயிறுகள்தான். குகைக்குள் இறங்குகிற சங்கத்தாரின் கயிறுகள் அவை. சேறும் சகதியுமாக வரும். அவள் சோப்புப் படாமல், வெறும் தண்ணீரில் அலசி, வெயில் படாமல் உலர்த்தி, ஒவ்வொரு கயிற்றையும் நுனியிலிருந்து நுனி வரை விரலுக்கிடையில் ஓடவிட்டுப் பார்ப்பாள். எங்கேயாவது மெத்தென்று இருந்தால் அந்தக் கயிறு போயே போயிற்று. யார் கெஞ்சினாலும் குகைக்கென்று திருப்பித் தர மாட்டாள்.

"அக்கா, அது புதுக் கயிறுக்கா!"

"புதுசுன்னு நீ சொல்ற. கயிறு சொல்லலையே. போ, இதுல மாடு கட்டு."

குகைக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம் என்றால், எல்லாம் அந்தத் தம்பியால் வந்தது. கூடப் பிறந்த ஒரே தம்பி. சின்ன வயதில் பந்து பொறுக்கப் போனவன் பாறைப் பிளவு ஒன்றில் விழுந்துவிட்டான். எட்டிப் பார்த்தால் இருட்டு. குரல் மட்டும் வருகிறது. இவள் ஓடிப்போய்த் துணி காயப்போடும் கொடியை அறுத்துக்கொண்டு வந்து உள்ளே விட்டாள்.

"டேய், இடுப்புல சுத்தி முடிச்சுப் போடுடா!"

"எனக்கு முடிச்சுப் போடத் தெரியாதுக்கா!"

"ஷூவுக்குப் போடுவியே, அதைப் போடு! போட்டுட்டு ஒரு குரல் குடு!"

இழுத்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. மேலே வந்தவன் அழவில்லை. "உள்ள எவ்ளோ பெருசா இருக்கு தெரியுமா? மறுபடி இறக்கிவிடறியாக்கா?" என்றான். பளாரென்று ஒன்று கொடுத்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அவனை விடவேயில்லை. வளர்ந்து டியூஷன் வாத்தியாரானான், சங்கத்துக்குச் செயலாளரும் ஆனான். மாதாமாதம் சங்கச் செய்தித்தாள் போடுவதும் அவன்தான். யார் எந்தக் குகையில் இறங்கினார்கள், எங்கே புதிதாக வழி தெரிந்தது, எந்த ஊரில் மண் உள்வாங்கியது என்று எல்லாம் அதில் வரும். கடைசிப் பக்கம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பாடம். முடிச்சுப் போடுவது எப்படி, கூட எத்தனை விளக்கு வைத்துக்கொள்வது, மேலே நிற்பவருக்குக் குரல் கொடுப்பது எப்படி என்று படம் போட்டு விளக்கியிருப்பான்.

அக்கா ஒரு குகைக்குள்ளும் இறங்கியதில்லை. குகை வாயில் நின்று கயிறு பார்த்துக்கொள்வாள், அவ்வளவுதான். அடியில் போய்ச் சேர்ந்தவன் தன்னைக் கயிற்றிலிருந்து கழற்றிக்கொண்டு, "கயிறு காலி!" என்று கத்துவான். "காலி!" என்று இவள் பதில் கொடுத்த பிறகுதான் அடுத்தவன் கை வைக்கலாம். கீழே இருப்பவன் சொன்னால் சொன்னதுதான், போய்ப் பார்க்கவா முடியும்? அப்புறம் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. உள்ளே எதைப் பார்த்தாலும், புது வழியோ புது ஆபத்தோ, ஏறி வந்தவுடன் மேலே நின்றவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். அடுத்த தடவை உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் விஷயம் தெரிந்த ஆள் ஒருவராவது வெளியே வேண்டுமே. அந்தக் கட்டுப்பாட்டை எழுதிப் பாடமாகப் போட்டவனே தம்பிதான். மண் பூசிய முகத்தோடு ஏறிவந்து, மூச்சு வாங்க, அவன் சொல்லும் செய்தி இவள் காதில்தான் முதலில் விழும். அதில் அவளுக்கு ஒரு பெருமை. சொல்லிக்கொள்ள மாட்டாள், ஆனால் உண்டு.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு காலையில் மருந்துக்கடை வாசலில் ரோடு உள்வாங்கியது. நிறுத்தியிருந்த பால் வேனின் முன்பாதி உள்ளே போய்விட்டது, பின்பாதி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஆள் யாருக்கும் அடியில்லை. மருந்துக்கடைக்காரர்தான் தன் கடைத் தலைவலி மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். இந்த மாதிரிக் குழிகளை ஆராய்கிற பேராசிரியர் அம்மா ஒருவர் வெளியூரிலிருந்து வந்தார். அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை, தண்ணீர் அதைக் கரைத்துக் கரைத்து வெற்றிடமாக்கிவிட்டது, அந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த குழி எங்கே விழும் என்று சொல்ல முடியும் என்றார். குகைகளெல்லாம் சங்கத்தாருக்கு அத்துப்படி. அதனால் சங்கம் உதவுவதாக ஏற்பாடு.

அடுத்த நாள் தம்பி ஒரு டப்பாவோடு கடைக்கு வந்தான்.

"அக்கா, புதுசா வந்தவங்களுக்கு ஒரு பாடம் போடணும். தண்ணியில சாயம் விட்டு அது எங்க போய் வெளிய வருதுன்னு பாக்கறது. சும்மா பயிற்சிதான். உன் கொல்லையில ஊத்திக்கட்டுமா?"

அவள் கொல்லையில் ஒரு பிளவு உண்டு. சலவைத் தண்ணீர் அத்தனையும் அதில்தான் போகும். எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பாது. சாக்கடை கட்டாமலே தப்பித்தோம் என்று அவளும் புருஷனும் சந்தோஷப்பட்ட பிளவு அது.

"என் கொல்லைக்கு நீ எப்படா அனுமதி கேக்க ஆரம்பிச்ச? குடு, நானே ஊத்தறேன்."

ஊற்றினாள். தண்ணீர் கிளிப்பச்சையாக மாறிச் சுழன்று உள்ளே இறங்கியது. குழந்தை மாதிரிச் சிரித்தாள். தம்பி போட்டோ எடுத்தான். அவள் கை மட்டும் விழுகிற மாதிரி எடுத்தான். இஸ்திரிப் பெட்டி சுட்ட பழைய தழும்புள்ள கை. ஊரில் யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள், இது கயிற்றக்கா கை என்று.

மாதம் பிறந்தது. சங்கத்தில் இருக்கிற பல் டாக்டர், துவைத்த வெள்ளைக் கோட்டு வாங்க வந்தார். கையில் செய்தித்தாள்.

"என்னக்கா, பெரிய மனசுதான் உங்களுக்கு! தன் தலைல தானே மண்ணள்ளிப் போட்டுக்கறதுன்னா யாருக்கு வரும்?"

"என்ன டாக்டர் சொல்றீங்க?"

"இதாங்க, பாடப் பக்கம்." அவர் உரக்கப் படித்தார். "சலவைக்கடையின் கழிவுநீரில் விடப்பட்ட பச்சைச் சாயம் மருந்துக்கடைக் குழிக்கு அடியில் ஓடும் ஊற்றில் வெளிவந்தது. குழி விழுந்ததற்குக் காரணம் இதுவே எனத் தெரிகிறது. படத்தில் சாயம் ஊற்றப்படுகிறது." நிமிர்ந்து பார்த்தவர் மூக்கைச் சுளித்தார். "அக்கா... ஏதோ கருகுதே?"

இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் யாரோ ஒருவருடைய சட்டை முதுகு கருகிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே நகராட்சி ஆட்கள் வந்தார்கள். கொல்லைப் பிளவில் சிமெண்டைக் கொட்டி மூடினார்கள். கடைக்கு வரும் தண்ணீர்க் குழாயை அடைத்தார்கள். சலவைக்கடைக்குத் தண்ணீர் இல்லையென்றால் அப்புறம் என்ன கடை? புருஷன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் இஸ்திரி போட்டுவிட்டுத் தான் மட்டும் கசங்கிய சட்டையோடு திரிகிற மனிதர் என்பதால் அவருக்குக் கசங்கல் என்றே பெயர். அதிகம் பேச மாட்டார்.

அவள் தம்பியை ஒன்றும் கேட்கவில்லை. தன் தண்ணீர் போகிற இடம் அதுதான் என்றால் அதுதான், அதற்காக அழ முடியுமா என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். ஒன்று மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. முதலில் என்னிடம் சொல்லியிருக்கலாமே? மேலே நின்றவள் நான்தானே?

கடையில் மீதமிருந்த துணிகளை மூட்டை பிரித்து, அவரவர்க்குத் திருப்பிக்கொடுக்க எடுத்து வைத்தாள். அடியில் தம்பியின் ஓவரால் இருந்தது, குகைக்குள் இறங்கும்போது கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிப் போட்டுக்கொள்ளும் உடுப்பு. ஊற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்து வந்த அன்று கழற்றிப் போட்டது. எல்லா நாளும்போல் அன்றும் அக்கா கடையில் போட்டுவிட்டுப் போயிருந்தான், பழக்கம்தானே. பிரித்தாள். முழங்கால் இரண்டிலும் செக்கச்செவேலென்று கறை.

தேய்த்தாள். போகவில்லை. எலுமிச்சை வைத்துத் தேய்த்தாள். ஊகூம். அதற்கு முந்தின வாரம்தான் அதே ஓவராலை அவள் கையாலேயே துவைத்துக் கொடுத்திருந்தாள். அப்போது ஒரு பொட்டுக்கூட இல்லை.

"என்னங்க, இங்க வாங்க. நான் ஊத்தினது பச்சை. இது ஏங்க சிவப்பா இருக்கு?"

கசங்கல் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஓட்டலுக்குப் படுக்கை விரிப்புக் குடுக்கப் போனேன்ல, அன்னிக்கு உன் தம்பி அங்க இருந்தான். நீச்சல் குளத்துத் தண்ணி வடியற குழி பக்கத்துல குந்தியிருந்தான். கையில டப்பா. என்னடான்னேன். சும்மா பயிற்சி மாமான்னான்" என்றார்.

அவள் ஓவராலை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஓட்டல் என்றால் சாதாரண ஓட்டலா? சங்கம் கூடுவது அதன் மேல்மாடி ஹாலில். சங்கத்துக்குச் சுவரேறிப் பழக ஒரு பயிற்சிக்கூடமே கட்டித்தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். தம்பி எத்தனை நாள் கனவு கண்ட கூடம் அது.

சாயங்காலம் அவனை வரச் சொன்னாள். ஓவராலை அவன் முன்னால் விரித்துப் போட்டாள்.

"இது என்னடா?"

அவனுக்கு முகம் வெளுத்ததை மறைக்கத் தெரியவில்லை. "அக்கா... ரெண்டு தண்ணியும்தான் அங்க வருது. உன்னுதும் வருது. நான் பொய் எழுதலையே."

"என் தண்ணி வருதுன்னா எழுதிக்கோ. வேண்டாம்னா சொன்னேன்? இன்னொண்ணு எங்கடா போச்சு?"

"அந்த ஓட்டல் இல்லன்னா சங்கமே இல்லக்கா. உனக்குப் புரியாது."

"சரி. நான் இல்லன்னா?"

அவன் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் ஹாலில் கூட்டம். பேராசிரியர் அம்மா திரையில் படம் காட்டி, ஊர் எந்தப் பக்கம் சரியக்கூடும் என்று விளக்கினார். முன்வரிசையில் ஓட்டல் முதலாளி. கயிற்றக்கா கடைசியிலிருந்து எழுந்து போய், மேஜை மேல் ஓவராலை வைத்து முழங்கால் பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள்.

"அம்மா, ஊத்துல இன்னொரு சாயமும் வந்திருக்கு. இந்த ஓட்டல் குளத்துத் தண்ணியில விட்டது. அந்தப் பக்கமும் பாத்துச் சொல்லுங்க. இல்லாட்டி அடுத்த குழி எங்கன்னு எப்படித் தெரியும்?"

அந்த அம்மா கறையை விரலால் தடவிப் பார்த்தார். "இந்தச் சாயம் சோதனைக்குப் பயன்படறதுதான். ஆனா எங்க விட்டது, எப்ப விட்டதுன்னு விட்டவங்கதான் சொல்லணும்." தம்பியைப் பார்த்தார். "நீங்கதானே செஞ்சீங்க?"

அவன் எழுந்தான். அக்காவைப் பார்த்தான். அந்த ஒரு கணம் அவள் நம்பினாள். பிளவுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும் என்று கையில் கொடியோடு குனிந்து நின்றாளே, அப்படி நம்பினாள்.

"அது பழைய கறை மேடம். போன வருஷத்துப் பயிற்சியில ஒட்டினது. அக்கா கடை போன வருத்தத்துல பேசறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். பல் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா மட்டும், மழைக்காலம் முடியட்டும், ஊர் முழுக்க நானே ஒரு தடவை சாயம் விட்டுப் பார்க்கிறேன் என்று குறித்துக்கொண்டார். மழைக்காலம் தொடங்கவே இன்னும் பல மாதம் இருந்தது. கயிற்றக்கா ஓவராலை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. வந்திருந்தால் தேவலாம் என்றார் கசங்கல்.

இதற்குப் பிறகும் சங்கத்துக் கயிறுகள் வழக்கம்போல் கடை வாசலில் வந்து விழுந்தன. யார் கொண்டுவந்து போட்டார்களோ, பழக்கம். கசங்கலுக்குக் கோபம் வந்ததைத் தெரு அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தது. "தூக்கித் தெருவுல எறி" என்றார். அவள் எறியவில்லை. தெருக்குழாயில் குடம் குடமாகப் பிடித்து வந்து, குனிந்து உட்கார்ந்து அலசினாள். சேறு உள்ளே தங்கினால் கயிற்றை அறுத்துவிடும், அதில் தொங்கப்போவது யார் வீட்டுப் பிள்ளையோ. நிழலில் உலர்த்தினாள். நுனியிலிருந்து நுனி வரை விரலில் ஓடவிட்டாள்.

வாங்கிப்போகத் தம்பியே வந்தான். வாசற்படியிலேயே நின்றான். அவள் கயிறுகளைக் கொடுத்தாள். அதன் மேல் அவனுடைய ஓவராலை வைத்தாள். மொடமொடவென்று இஸ்திரி போட்டு, முழங்கால் வெளியே தெரிகிற மாதிரி மடித்திருந்தாள்.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கயிறுகளைத் தோளில் மாட்டிக்கொண்டே, ஒன்றும் நடக்காதது மாதிரி, "ஞாயித்துக்கிழமை கிழக்குக் குகைக்கா. வந்துடறியா? மேல நிக்க வேற ஆள் சரிப்படாது" என்றான்.

"வரல."

"கோவமாக்கா?"

"கயிறு துவைச்சுக் குடுப்பேன்டா. எத்தனை நாள் கொண்டுவந்து போட்டாலும் குடுப்பேன். நிக்க மட்டும் மாட்டேன்." வாளியில் கிடந்த வீட்டுத் துணியை எடுத்து உதறினாள். "மேல நின்னா, நீ கீழேருந்து 'கயிறு காலி'ன்னு கத்துவ. நான் நம்பி அடுத்தவனை இறக்கணும். என்னால முடியாது."

அவன் படியிறங்கினான். இவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொடியில் போட வேண்டிய துணி இன்னும் நிறைய இருந்தது.