ஆலா கவ்விய இறகு

தூண்டிலுக்கு நான் இரை வாங்குவதில்லை. சேவல் இறகையும் பட்டுச்சேலைச் சரிகையையும் முள்ளில் வைத்து நூலால் இறுக்கி, குட்டிமீன் போலவே வீட்டில் கட்டிவிடுவேன். அன்று காலை புதிதாக ஒன்று கட்டி, செய்முறையை எங்கள் தூண்டில்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'எதுவும் ஏமாந்துரும்' என்று பெருமையாக எழுதியும் வைத்தேன்.

சாயங்காலம் தருவைகுளம் கடற்கரையில் அதை வீசினேன். தண்ணீரைத் தொடுமுன்பே ஆலாப் பறவை ஒன்று பாய்ந்து கவ்விவிட்டது. தூண்டிலின் தங்கூசி நரம்பு வானத்தை நோக்கி விறைத்தது. முள் மாட்டிய பறவை மேலே பட்டம் போலத் துடித்தது.

பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் கத்தினார்.

"இழுக்காதீய அண்ணாச்சி, வாய் கிழிஞ்சிரும்!"

"அப்ப அறுத்து விட்டுரட்டா?"

"அறுத்தா நரம்போட போயி எங்கனயாவது சிக்கிச் செத்துரும்லா."

"நான் என்னதான் செய்ய?"

அவர் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். இருவரும் அண்ணாந்து நின்றோம். நரம்பு தானாகவே அறுந்தது. ஆலா நீள நரம்பை இழுத்துக்கொண்டு கடலுக்கு மேலே தாழ்ந்து தாழ்ந்து போனது.

செய்முறையை அழிக்கலாம் என்று போனை எடுத்தேன். படங்களாக வந்து குவிந்திருந்தன. ஒவ்வோர் உள்ளங்கையிலும் என் குட்டிமீன். கடைசிப் படத்தின் கீழே ஒரு வரி:

"அப்படியே கட்டிட்டோம் அண்ணாச்சி. நாளைக்குக் காலைல எல்லாரும் வீசப் போறோம்."